கைப்பம்பின்மீது சுமத்தப்படும் குற்றங்கள்

அழுத்தக் காற்றால் இயங்கும் துப்பாக்கியை வாங்கிய ஒருவருக்கு, அதன் சிலிண்டரைக் கைப்பம்பினால் நிரப்பாதே என்ற உபதேசம் நாற்புறமிருந்தும் வந்து சேர்கிறது. கைப்பம்பு மல்லர்களுக்கே உரியது. காற்றோடு ஈரத்தையும் புகுத்தும். சூடேறிச் சீக்கிரம் கெட்டுப்போகும். அழுத்தத்தை ஒழுங்காகக் கொடுக்காது: இவையே அவ்வுபதேசத்தின் நான்கு கால்கள். பலர் பல காலம் சொல்லிவந்ததனாலேயே பிரமாணம்போல் நிலைத்துவிட்ட இந்த அபிப்பிராயத்தைப் பரிசீலித்துப் பார்த்தால், குற்றங்களில் பெரும்பாலானவை கையைச் சேர்ந்தவையல்ல என்பதும், அவை காற்றின் சுபாவத்தையோ, உபயோகிப்பவரின் அவசரத்தையோ சேர்ந்தவை என்பதும் விளங்கும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் பிரிவுக்குரிய துப்பாக்கியையே உதாரணமாகக் கொள்வோம். அதன் சிலிண்டர் 200 மில்லிலிட்டர் கொள்ளளவுடையது என்றும், 100 பார் அழுத்தத்துக்கு இறங்கியதை மறுபடியும் 200 பாருக்கு ஏற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, தேக பலத்தைப் பற்றிய வாதம். மேற்சொன்ன சிலிண்டருக்குள் புதிதாகப் புகவேண்டியது வெளிக்காற்றில் 20 லிட்டர். அதை அமுக்குவதற்கு வேண்டிய வேலையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10,000 ஜூல் ஆகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து மாடிப் படியேறுவதும் இவ்வளவே. உராய்விலும் உஷ்ணத்திலும் வீணாவதைச் சேர்த்து இரட்டிப்பாகவே வைத்துக்கொண்டாலும், நின்று நின்று ஏறுகிறவருக்கு அது அசாத்தியமான காரியமன்று. கடைசிக் கட்டத்தில் கைப்பிடி இறங்க மறுக்கிறதே என்பார்கள். அக்கட்டத்தில் அமுக்கும் பிஸ்டன் 6 மில்லிமீட்டர் குறுக்களவுடையதானால், 200 பாரை எதிர்க்க அதன்மேல் விழவேண்டிய பாரம் சுமார் 58 கிலோ. அடித்தட்டின்மேல் இரு பாதங்களையும் ஊன்றி, முழங்கைகளை மடக்காமல் நிறுத்தி, உடம்பை அப்படியே கைப்பிடியின்மேல் சாய்த்தால் அந்தப் பாரத்தை உடம்பின் எடையே கொடுத்துவிடும். புஜங்களால் தள்ளுகிறவரே சோர்ந்துபோகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியச் சேனை வைத்திருந்த ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியின் கலத்தை நிரப்ப ஏறக்குறைய 1,500 தடவை பம்படிக்க வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். அதன் அழுத்தமோ சுமார் 55 பார்தான். மூன்று படிகளாகக் காற்றை ஒடுக்கும் இன்றைய பம்பு அத்தனை தடவைகளைக் கேட்பதில்லை.

இரண்டாவது வாதமாகிய ஈரத்தில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை யாரைச் சார்ந்தது என்பதே கேள்வி. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள நாளில் 20 லிட்டர் காற்றை உள்ளிழுத்தால் ஏறக்குறைய அரை கிராம் நீர் கூடவே வருகிறது. காற்றை இருநூறில் ஒரு பங்காக ஒடுக்கும்போது, அந்தச் சிறு இடத்தில் ஆவியாகத் தங்க முடியாமல் அநேகமாக முழுவதுமே நீராகிவிடும். இந்த நியதி மனிதன் அழுத்தினாலும் மோட்டார் அழுத்தினாலும் மாறுவதில்லை. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத மின் கம்ப்ரெஸரும் அதே அரை கிராமைத்தான் கொண்டுவருகிறது. ஆதலால் கேட்க வேண்டியது உலர்த்தும் ஏற்பாடு உண்டா என்பதே. பம்பின் வாயில் சிலிக்கா ஜெல் அடைத்த வடிகட்டியைப் பொருத்தி, சிறிது நேரத்துக்கு ஒருமுறை அடியிலுள்ள கழிவுத் திருகைத் திறந்துவிட்டால், சீறி வரும் காற்றுக்கு எதிரே பிடித்த வெள்ளைத் துணி நனைவதைக் கண்ணாலேயே காணலாம். துணியில் தங்கிய அந்த நீர் சிலிண்டருக்குள் போகாத நீர்.

மூன்றாவது, பம்பு சீக்கிரம் கெடுகிறது என்பது. ஒடுங்கும் காற்று சூடாகும். அந்தச் சூட்டில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்கள் தேய்ந்து கசியும். சில நிமிஷம் அடித்தபின் நிறுத்தி, குழல் ஆறிய பிறகு தொடர்ந்தால் இந்தக் கேடு வெகுவாகக் குறையும். வழுவழுப்புக்காகச் சாதாரண எண்ணெயை விடுகிறவர்கள் செய்வதோ அபாயகரமான காரியம். உயர் அழுத்தத்தின் உஷ்ணத்தில் அது தீப்பற்றக்கூடும். சிலிக்கோன் கிரீஸே அதற்கு உரியது. பொறுமையின்மையால் விளைந்த சேதத்தைக் கருவியின்மேல் எழுதுவது நியாயமாகாது.

நான்காவது, அழுத்தம் ஒழுங்காக ஏறாது என்பது. இங்கே உண்மை நேர்எதிராக இருக்கிறது. கைப்பம்புக்குப் பதிலாக, 200 பார் அடைத்த 12 லிட்டர் முக்குளிப்போர் சிலிண்டரிலிருந்து ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதன் அழுத்தம் ஏறக்குறைய 1.7 பார் குறைகிறது. ஆகவே முதல் முறையிலிருந்தே 200 பார் எட்டாக்கனியாகி, போகப்போக இன்னும் தாழ்கிறது. அன்றியும், வேகமாகத் திறந்துவிட்ட காற்று துப்பாக்கியின் சிலிண்டரைச் சூடாக்குவதால், மானி காட்டிய அளவு ஆறியபின் இறங்கிவிடும். கைப்பம்போ மெதுவாக ஏற்றி, மானியின் முள் வேண்டிய இடத்துக்கு வந்ததும் நிற்கிறது. போட்டித் துப்பாக்கியில் ரெகுலேட்டர் ஒன்று இருந்து, குண்டுக்குப் போகும் அழுத்தத்தைச் சமப்படுத்துவதால், சிலிண்டரில் ஐந்து பார் கூடினாலும் குறைந்தாலும் குறி பிசகுவதில்லை.

கைப்பம்புக்கு எதிராக நிற்கத்தக்க ஆட்சேபங்கள் இரண்டே. பம்படித்த கையோடு குறிபார்க்க நின்றால் மூச்சும் நாடியும் நடுக்கத்தைத் தரும்; ஆதலால் பயிற்சி முடிந்த பின்போ முந்திய இரவிலோ நிரப்பிவைப்பதே உசிதம். மற்றது, அளவைப் பற்றியது. 500 மில்லிலிட்டர் சிலிண்டரை 200 பாரிலிருந்து 300 பாருக்கு ஏற்ற 50 லிட்டர் காற்று வேண்டும். அதே 6 மில்லிமீட்டர் பிஸ்டனின்மேல் பாரமும் 87 கிலோவுக்கு ஏறிவிடும். அத்தகைய துப்பாக்கிக்கும், பல பேர் கூடிச் சுடும் கழகத்துக்கும் வடிகட்டியுடைய கம்ப்ரெஸரே தக்கது. ஆகவே பம்பா கம்ப்ரெஸரா என்று தீர்மானிக்க விரும்புகிறவர், முதலில் தம் துப்பாக்கியின் கொள்ளளவையும், அதற்கு வேண்டிய அழுத்தத்தையும், தம் சொந்த எடையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு பணப்பையைத் திறக்கட்டும்.