விருந்தாளி வீட்டுக்காரனைச் சுடுகிறான்

வெப்பமண்டலத் தீவுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளை வாசிக்குந்தோறும் நமக்கொரு ஐயம் எழுவதுண்டு. எல்லாத் தீவுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, அதெப்படி? நீலக் கடல், வெண்மணல், தென்னை, இறுதி வரியில் தவறாமல் 'சொர்க்கம்'. கட்டுரையாளர் ஒரு பத்தியில் காட்டைக் கண்டு வியக்கிறார். அடுத்த பத்தியில் பழத்தைத் தின்று வியக்கிறார். அந்தக் காட்டுக்கும் அந்தப் பழத்துக்கும் இடையே நடக்கும் வழக்கு மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. ரசனை என்ற பெயரில் நாம் பழகிக்கொண்டுவிட்ட இந்தப் பாராமுகத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் சான்று மொரீஷியஸ்.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் அங்கே லிச்சியின் பருவம். இலையும் காம்புமாகக் கட்டிய சிவந்த கொத்துகள் சந்தைகளிலும் சாலையோரங்களிலும் குவிகின்றன. பெருந்தோட்டங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லைகளிலும் தாத்தா காலத்து லிச்சி மரங்கள் நிற்கின்றன. லிச்சி இல்லாத ஆண்டிறுதி அவர்களுக்குப் பண்டிகையே அல்ல. அந்த இனிப்பின்மேல் நமக்கு எந்தப் பிணக்கும் இல்லை. பிணக்கெல்லாம் அதன் பெயரால் நடந்த கொலைகளின்மேல்தான்.

அந்தி சாய்ந்ததும் அதே மரங்களுக்கு இன்னொரு உயிர் வருகிறது. மொரீஷியஸ் பழந்தின்னி வௌவால். பெருங்கடலின் நடுவே எரிமலையால் எழுந்த தீவு அது. தரைவாழ் பாலூட்டி எதுவும் தானாக அங்கே போய்ச் சேர முடியவில்லை. பறந்து சேர்ந்தவை வௌவால்கள் மட்டுமே. மஸ்கரீன் தீவுகளின் மூன்று பழந்தின்னி வௌவால் இனங்களில் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. இன்னொன்று ரொட்ரீக்ஸ் தீவோடு ஒடுங்கிவிட்டது. மொரீஷியஸ் முதன்மைத் தீவில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். டோடோ போயிற்று, பேராமைகள் போயின. பெரிய கனி தரும் மண்ணின் மரங்களுக்கு விதை சுமக்க இன்று இந்த வௌவாலை விட்டால் ஆளில்லை. நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காடும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய உயிரைக் கொல்வதற்கு 2015இல் சட்டம் வழிவிட்டது. 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் அரசுக் கணக்கின்படியே சுமார் 38,000 வௌவால்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பது சுட்டவர்களுக்குத் தெரியாததன்று. 2018 ஜூலையில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை 'அருகிவரும்' இனங்களின் வரிசைக்கு மாற்றியது. அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் சுட்டார்கள். 2020இலும் சுட்டார்கள்.

'உழவனின் பிழைப்பா, வௌவாலா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, வௌவால் பழம் தின்பது பொய்யல்ல, உழவரின் இழப்பும் பொய்யல்ல. ஆனால் கேட்பவர்கள் விடையையும் கேட்டுவிட்டுப் போகவேண்டும். இத்தனையும் கொன்ற பிறகு பழ விவசாயிகளின் லாபம் கூடவில்லை என்று 2019இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. எலியும் மைனாவும் கொண்டைக்குருவியும் காற்றும் உதிர்ப்பவற்றின் பழியும் வௌவாலின் தலையிலேயே விழுகிறது. மரத்தைத் தாழ வளர்த்து வலை போர்த்தினால் சேதம் பன்மடங்கு குறைகிறது. வலை வாங்க அரசே மானியமும் தந்திருக்கிறது. வழி தெரியாமல் சுட்டிருந்தால் அதை அறியாமை என்று மன்னித்துவிடலாம். வழி தெரிந்தும் சுட்டதை என்னவென்று சொல்வது?

செய்ய இயலாத தேசமும் அல்ல அது. 1974இல் காட்டில் அறியப்பட்ட மொரீஷியஸ் வல்லூறுகள் நான்கே நான்கு. அந்த நான்கிலிருந்து இனத்தையே மீட்டெடுத்தவர்கள் அவர்கள். தென்கிழக்குக் கரையோரம் இல் ஒ செக்ரெத் என்ற சின்னஞ்சிறு தீவில், அற்றுப்போன ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா தீவின் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எதற்கு? கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதற்கு. அற்றுப்போன ஒரு விதைப்பரப்பிக்கு மாற்றாள் தேடி அங்கே அத்தனை பாடு. கூலி வாங்காமல் இரவெல்லாம் அதே வேலையைச் செய்யும் உயிருக்கு முதன்மைத் தீவில் துப்பாக்கி.

மொரீஷியஸின் அரசுச் சின்னத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் டோடோ, மறு பக்கம் மான். இரண்டும் ஆளுக்கொரு கரும்பைத் தாங்கி நிற்கின்றன. டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்த மண்ணின் பறவை. மானும் கரும்பும் டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தவை. லிச்சியும் அப்படியே, சீனத்து மரம், பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் வந்து வேர்பிடித்தது. வந்தவை வாழட்டும், அதில் குறையில்லை. ஆனால் வந்த மரத்தின் கனிக்காக இருந்த உயிரைத் 'திருடன்' என்று அழைப்பது எந்த ஊர் நியாயம்?

இதை எட்ட நின்று சொல்லிவிட்டு நகர நமக்கு உரிமையில்லை. நம்மவர்களும் அங்கே போய் வேரூன்றியவர்களே. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாகச் சென்றார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்காட்டுக்குச் சென்றார்கள். ரசமும் கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் கிரியோல் மொழியில் உருத்திரிந்த பெயரோடு அங்கே இன்றும் மணக்கின்றன. அந்நாட்டு ரூபாய்த் தாளில் நம் எழுத்து இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். உறவு கொண்டாடுகிறவனுக்கு, அந்த மண்ணின் பழைய குடியைப் பற்றி ஒரு சொல் கேட்கும் கடமை இல்லையா? தாய்நாட்டைக் காட்டித் தப்பிக்கவும் இயலாது. 1972இன் இந்திய வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. அந்தப் பட்டியல் நீங்க 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லிச்சியைத் தின்னாதே என்று நாம் சொல்லவில்லை. தின்னுங்கள், விரல்வழிச் சாறு ஒழுகத் தின்னுங்கள். பழத்தைப் பற்றி எழுதும்போது அதன்மேல் போர்த்தாத வலையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள் என்பதே நம் கோரிக்கை. இரவில் கொல்லை மரத்தில் சிறகடிக்கும் ஓசையையும், அது கேட்காமல் போன இரவையும் எழுதுங்கள். அந்தக் கணக்கையும் உடன் வைக்காமல் ஒரு தீவைச் சொர்க்கம் என்று எழுதுகிறவரை இனியும் பயண எழுத்தாளர் என்று நம்மால் அழைக்க முடியாது. விடுதிக்காரர் அச்சிட்டுக் கொடுக்கும் விளம்பரத் தாள் அந்த வேலையை அவரைவிட நன்றாகவே செய்துவிடும்.