கடையின் பெயர் டோக்கனில் ஏறலாமா?

- மாரமங்கலத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி



தேர்தல் வந்துவிட்டால் நம் கடை வாசலில் மூன்று வகை ஆட்கள் வந்து நிற்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒருவர். நன்கொடை கேட்டு வருகிறவர் ஒருவர். சரக்குக் கேட்டு வருகிறவர் ஒருவர். முதல் ஆளுக்கு ஒரு கும்பிடு போதும். இரண்டாம் ஆளிடம் ரசீது கேட்டால் பாதிப் பேர் "அப்புறம் வருகிறோம்" என்று போய்விடுவார்கள். மூன்றாம் ஆள்தான் ஆபத்தானவர். ஏனென்றால் அவர் வியாபாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வராது. அவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2021 சட்டமன்றத் தேர்தலில் கும்பகோணத்தில் நடந்ததைப் பலரும் மறந்திருப்பீர்கள். மளிகைக் கடைக்காரர்கள் மறக்கக் கூடாத சங்கதி அது. அங்கே உள்ள ஒரு மளிகைக் கடையின் பெயரையும், ரூ.2,000 என்ற தொகையையும் அச்சடித்து வாக்காளர்களுக்கு டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் இதைக் காட்டி அந்தக் கடையில் சரக்கு வாங்கிக் கொள்ளலாம் என்பது பேச்சு. ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குப்பதிவு முடிந்த கையோடு ஜனங்கள் டோக்கனும் பையுமாகக் கடைக்கு வந்துவிட்டார்கள். கடைக்காரருக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த டோக்கனுக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டிய நிலை அவருக்கு.

ஓட்டுப் போட்டவர் ஏமாந்தார் என்று சிரித்துவிட்டு நாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டோம். ஆனால் அந்த டோக்கனை ஜனங்கள் எதற்காக நம்பினார்கள் என்று யாராவது யோசித்தோமா? கட்சிக்காரர் சொன்னார் என்பதற்காக அல்ல. அதில் ஒரு கடையின் பெயர் இருந்ததற்காக நம்பினார்கள். அரசியல்வாதி வாக்குக் கொடுத்தால் நம்பாத ஜனம், மளிகைக் கடையின் பெயரைப் பார்த்ததும் நம்பியது. இது நமக்குப் பெருமையும்தான், எச்சரிக்கையும்தான். முப்பது நாற்பது வருஷம் எடை குறையாமல் நிறுத்துப் போட்டுச் சேர்த்த பெயரை, எவரோ ஒருவர் அச்சகத்தில் சில நூறு ரூபாயில் அடித்துக்கொண்டு போய்விடலாம் என்றால், நம் முதலில் பெரிய முதல் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

கும்பகோணத்துக் கடைக்காரர் அறியாமல் நடந்தது அது. அறிந்தே இதற்கு இடம் கொடுக்கிறவர்களும் நம்மில் உண்டு, மூடி மறைப்பானேன்? அரிசிச் சிப்பம், எவர்சில்வர் பாத்திரம், சேலை என்று ஊருக்கு ஏற்ற மாதிரி ஆர்டர் வருகிறது. எங்கள் மலையிலும் ஒரு தேர்தலின்போது ஒருவர் வந்தார். "மொதலாளி, இருநூறு சிப்பம் அரிசி வேணும். பில்லு வேண்டாம். வண்டி ராத்திரி வரும். பணம் பாதி இப்போ, மீதி எலக்‌ஷன் முடிஞ்சு" என்றார். "பில் இல்லாமல் ஒரு படி உப்பும் என் குடோனை விட்டு வெளியே போகாது, அண்ணே" என்று சொல்லி அனுப்பினேன். மனஸ்தாபம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் நான் இழந்தது ஒன்றுமில்லை. பாதிப் பணம் தேர்தல் முடிந்த பிறகு என்றால், தோற்றவரிடம் போய் நான் எப்படி வசூல் செய்வேன்? ஜெயித்தவரிடம் போய்த்தான் எப்படிக் கேட்பேன்?

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்காகப் பணமோ பொருளோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பில் இல்லாத சரக்கு பிடிபட்டால் ஜி.எஸ்.டி. தொல்லை தனி. ஆர்டர் கொடுத்தவர் கட்சி ஆபீசில் உட்கார்ந்திருப்பார்; குடோன் சாவியோடு நிற்பது நாமாக இருப்போம்.

பணப் பட்டுவாடாவினால் தேர்தலே நின்ற கதைகளும் நம் மாநிலத்தில் உண்டு. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் நின்றது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தாகி, ஆகஸ்ட் மாதம் நடந்தது. ஒவ்வொரு முறையும் தேர்தல் நடத்தை விதி இரண்டாம் தடவையாக அமலுக்கு வந்தது. சோதனைச் சாவடியும் இரண்டாம் தடவையாக வந்தது. அதில் அடிபட்டவர் யார்? சந்தைக்கு ரொக்கத்தோடு போய் வருகிற வியாபாரிதான்.

இந்த ரொக்க விஷயம் மலை வியாபாரிக்குப் பெரிய சங்கடம். சேர்வராயன் மலையில் தை, மாசியில் மிளகு பறிப்பு. காய்ந்து, தூற்றி, விலைக்கு வரும் நேரமும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தோட்டக்காரர் மூட்டையை இறக்கியதும் பணத்தைக் கையில் எதிர்பார்ப்பார். மேட்டில் கிடைக்கிற செல்போன் சிக்னல் பள்ளத்தில் கிடைக்காத ஊர்கள் எங்கள் ஊர்கள். விவசாயியிடம் நேராக விளைபொருள் வாங்கும்போது ரொக்கமாகக் கொடுப்பதற்கு வருமான வரி விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே பணத்தை எடுத்துப் போவது குற்றமில்லை. ஆனால் சேலத்தில் பாங்கியில் எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பறக்கும் படை நிறுத்தினால் நம் வாய் குழறுகிறது. குழறுவதைப் பார்த்து அவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

ரூ.50,000-க்கு மேல் இருந்தாலே பறிமுதல் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தேர்தல் ஆணையத்தின் நடைமுறையில் அந்தத் தொகை சொல்லப்படுவது வேட்பாளர், அவருடைய ஏஜெண்ட், கட்சிக்காரர் செல்லும் வண்டிக்கும், பிரசாரப் பொருள் ஏற்றிய வண்டிக்கும்தான். நடப்பில் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பணத்தையும், காய்கறி வியாபாரி பணத்தையும் பிடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். இந்த வரம்பை உயர்த்தக் கோரி நம் வணிகர் அமைப்புகள் தேர்தலுக்குத் தேர்தல் மனுக் கொடுத்து வருகின்றன. அது நியாயமான கோரிக்கை. ஆனால் பிடிபட்ட பிறகு என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பறிமுதல் செய்தால் எழுத்தில் ரசீது தரவேண்டும். மேல்முறையீடு செய்யும் வழியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இதைப் பார்க்கிறது. வழக்கு இல்லையென்றால், வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளைக்கு மேல் அந்தப் பணத்தை வைத்திருக்கக் கூடாது. பாங்கியில் எடுத்த சீட்டு, போன மாதம் வாங்கிய சரக்கின் பட்டியல், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றின் நகல் மூன்றையும் ஒரு கவரில் போட்டுப் பணப்பையிலேயே வையுங்கள். வாய் குழறினாலும் காகிதம் குழறாது.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும. பறக்கும் படையைத் திட்டுகிற நாமே, பில் இல்லாமல் தேர்தல் சரக்கை ஏற்றி அனுப்பினால், அந்தப் படை வருவதற்கு நாமே காரணமாகிறோம். ஒருவர் செய்கிற காரியத்துக்கு ஊரில் உள்ள நூறு வியாபாரி பைகளைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

செல்போனில் பணம் வாங்குவதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்களின் க்யூ.ஆர். வரவைக் கணக்கெடுத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பால், காய்கறி விற்றவர்களுக்குக்கூட நோட்டீஸ் போனது. பல கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று பலகை தொங்கியது. பிறகு அந்த மாநில அரசு இறங்கி வந்தது. இதைக் கேட்டு எங்கள் பக்கத்திலும் சிலர் ஸ்டிக்கரைக் கிழித்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் கடைக்காரர்களைச் சிக்க வைத்தது செல்போனா, எழுதாத கணக்கா? வரி இல்லாத சரக்கு இவ்வளவு, வரி உள்ள சரக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தவர் பதில் சொல்லித் தப்பினார். எழுதாதவர் தவித்தார். நாள்வழியும் பேரேடும் நம் பாட்டன் காலத்திலேயே இருந்தவை. அவற்றை விட்டுவிட்டுச் செல்போனைக் குறை சொல்லலாகாது. மேலும், கல்லாவில் ரொக்கம் குறைந்தால் சோதனைச் சாவடிப் பயமும் குறைகிறது.

ஓட்டு மெஷினைப் பற்றியும் கடையில் தினம் ஒரு விவாதம் நடக்கிறது. எலெக்ட்ரானிக் தராசு வந்த புதிதில் வாடிக்கையாளர்கள் நம்மைச் சந்தேகப்பட்டது நினைவிருக்கும். "முள்ளுத் தராசில் போடுங்க" என்றார்கள். அந்தச் சந்தேகம் எப்படித் தீர்ந்தது? எண் அவர்கள் பக்கம் தெரியும்படி வைத்தோம். வருஷம் ஒரு முறை தொழிலாளர் துறையிடம் முத்திரை போட்டோம். கேட்டவருக்கு எடைக்கல்லை வைத்துக் காட்டினோம். ஓட்டு மெஷினிலும் வழி அதுதான். 2019 முதல் எல்லாத் தொகுதியிலும் மெஷினோடு சீட்டு அச்சாகும் பெட்டி இருக்கிறது. நாம் அழுத்திய சின்னம் ஏழு விநாடி கண்ணாடியில் தெரியும். அதைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டு டீக்கடையில் சந்தேகம் பேசுவது, எண்ணைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டு வீட்டில் போய்ச் சண்டை போடுவது போன்றது. சந்தேகப்பட வாக்காளருக்கு உரிமை உண்டு. காட்டித் தீர்க்க வேண்டிய கடமை தேர்தல் நடத்துகிறவருக்கு உண்டு. முத்திரை போட மாட்டேன் என்று வியாபாரி சொல்ல முடியாதது போலத்தான்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. சங்கமும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிறோம். சங்கப் பலகையில் கொடி ஏறிய நாளில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஆளைப் பார்க்கும் வித்தை வியாபாரிக்குக் கைவந்தது. கடன் கேட்டு வருகிறவரை எப்படிப் பார்ப்போம்? பழைய பாக்கி எவ்வளவு, தவணை தவறினாரா, வேறு கடையில் பாக்கி வைத்துவிட்டு இங்கே வருகிறாரா என்று விசாரிப்போம். அதே விசாரணையை வேட்பாளருக்கும் போடுங்கள். அவர் சொத்து, கடன், வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் பேரன் செல்போனில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவான்.

எவரும் பிடிக்கவில்லை என்றால் அதையும் பதிவு செய்யலாம். அந்த 'நோட்டா' பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலில் வந்ததே எங்கள் ஏற்காடு தொகுதியில்தான், 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தலில். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் அடுத்தபடி மூன்றாம் இடம் அதற்கு. மலைவாழ் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மலை மேலும் கீழே வாழப்பாடி பக்கமும் சேர்ந்த தொகுதி. அங்கே இத்தனை பேர் ஒரு புதுப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள் என்றால், ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, டோக்கனைக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்தான் ஏமாளி.

கடைசியாக, நம் சங்கங்கள் யோசிக்க வேண்டிய மூன்று காரியங்கள்:

1. தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே, "எந்த டோக்கனுக்கும் இந்தக் கடையில் சரக்கு இல்லை" என்று ஒரே மாதிரி அச்சடித்த அட்டையை உறுப்பினர் கடைகள் எல்லாவற்றிலும் தொங்கவிட வேண்டும். எல்லாக் கடையிலும் இருந்தால் எந்தக் கட்சிக்காரரும் ஒரு கடையை மட்டும் மிரட்ட முடியாது.

2. தேர்தல் காலத்தில் பில் இல்லாமல் மொத்தச் சரக்கு கொடுப்பதில்லை என்று மொத்த வியாபாரிகள் கூடித் தீர்மானம் போட வேண்டும். சில்லறைக் கடைக்காரர் மறுப்பது கஷ்டம். மூட்டை புறப்படுகிற இடத்தில் மறுத்தால் சில்லறைக் கடைக்காரருக்குத் தொல்லை வராது.

3. பணம் பறிமுதலான உறுப்பினருக்கு மனு எழுதித் தரவும் கூடப் போகவும் ஒவ்வொரு சங்கத்திலும் இருவரை நியமிக்க வேண்டும். படிப்பில்லாத சிறு வியாபாரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் தனியாக நிற்கக் கூடாது.

இந்த மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை. நம் கடைப் பெயரை நம்பித்தான் ஒரு தாய் சின்னப் பிள்ளையிடம் காசு கொடுத்துச் சாமான் வாங்க அனுப்புகிறாள். அந்தப் பெயரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடாமல் இருப்போம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள், பதில் எழுதக் காத்திருக்கிறேன்.