சந்தனம் இழந்த மலை

கரியாலூரைத் தன்னகத்தே கொண்ட கல்வராயன் மலை, அண்டையிலுள்ள ஜவ்வாது, சித்தேரி மலைகளைப் போலவே, ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்பெற்ற பிரதேசமாக விளங்கிற்று. பக்கத்து மரங்களின் வேர்களோடு தன் வேரைப் பிணைத்து நீரும் சத்தும் பெற்று, வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் அந்த விருட்சத்தை, மனிதனின் பேராசை ஓரிரவில் வீழ்த்தியதோடு அமையாமல், வேரிலும் வாசனைத் தைலம் உண்டென்று அதையும் தோண்டி எடுத்தமையால், மறுபடி துளிர்க்கும் மார்க்கமும் அடைபட்டது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998-ஆம் ஆண்டிலேயே சந்தனத்தை அழிவின் அபாயத்துக்கு உட்பட்ட இனமாக அறிவித்தது.

துணைமரங்களும், பழந்தின்று விதை பரப்பும் குயில், கொண்டைக்குருவி முதலிய பட்சிகளும் இல்லாத இடத்தில் சந்தனம் தானாகத் தழைப்பதில்லை. ஆதலின் ஒரு மரத்தைக் காப்பதென்பது வனம் முழுவதையும் காப்பதேயாகும்.

சந்தனக் களவில் கூலிக்காகக் கோடரி பிடித்த ஏழை மலைவாசியைச் சிறையிலிட்டு, லாபத்தை அனுபவிக்கும் வியாபாரியைத் தப்பவிடுவது நியாயமாகாது. தனியார் நிலத்துச் சந்தனமும் சர்க்காருக்கே சொந்தம் என்றிருந்த நிலை 2002-இல் சட்டத்திருத்தத்தால் மாறி, நிலத்துக்குரியவரே மரத்துக்கும் உரியவரானார். அந்த உரிமையின் பலன் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைச் சென்றடைய வேண்டும். வனத்துறை அவர்களுக்குக் கன்றுகளையும், களவினின்று பாதுகாப்பையும், விளைந்த மரத்துக்கு நேர்மையான விலையையும் அளித்து, அவர்களையே இம்மலையின் காவலர்களாக்க முன்வருமாறு வேண்டுகிறோம்.