இடக்கைக்குச் சட்டம், வலக்கைக்குச் சலுகை

ஒரு தமிழ்ப் படத்தில் நாயகன் இடக்கையில் சிகரெட்டும் வலக்கையில் மதுக்கோப்பையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இடக்கைக்காகப் படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி எச்சரிக்கைப் படம் ஓட வேண்டும். அந்தக் காட்சி முடியும்வரை திரையின் அடியில் எச்சரிக்கை வரி நிற்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த விதி இது. 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களையும் இது கட்டுப்படுத்துகிறது. வலக்கைக்கு? தணிக்கை வாரியம் கேட்டால் ஒரு வரி போடுவார்கள், அவ்வளவுதான். மது விளம்பரத்துக்கென்று நாடு முழுவதற்கும் பொருந்தும் தனிச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இதுவரை இயற்றவில்லை.

இரண்டுமே புற்றுநோய் தருபவை. இதில் மருத்துவ உலகில் சர்ச்சை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகைப்பதை 1986-லும் மது அருந்துவதை 1988-லும் முதல் வகைக் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் இடையில் இரண்டே ஆண்டுகள். 'அளவோடு குடித்தால் கேடில்லை' என்ற பழைய சமாதானத்தையும் அதே நிறுவனம் 2023 ஜனவரியில் கைகழுவிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்றது.

சென்னைவாசிகள் இதை அடையாற்றிலேயே பார்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, வாயும் தொண்டையும் நுரையீரலும் சிதைந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்தே புகையிலை எதிர்ப்புப் பணியிலும் இறங்கியது. பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு அங்கே தனி மையம் உண்டு. சற்றுத் தள்ளி இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது. அங்கே குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சிகிச்சை. முதல் மருத்துவமனைக்கு ஆளனுப்பும் பொருளை விளம்பரம் செய்தால் குற்றம். இரண்டாவதற்கு ஆளனுப்பும் பொருள் ஐபிஎல் ஆட்டத்தின் ஓவர் இடைவெளியில் சோடாவாக, குடிநீராக, இசைத்தட்டாக வேடம் கட்டி வருகிறது.

ஏன் இந்தப் பாகுபாடு? மருத்துவத்தில் இதற்கு விடை இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில்தான் இருக்கிறது. மது மாநிலப் பட்டியலில் எட்டாவது இனம். அதன் மீதான கலால் வரியும் மாநிலத்துக்கே. ஜிஎஸ்டி வந்தபோதும் மாநிலங்கள் மதுவை விட்டுக்கொடுக்கவில்லை. புகையிலையின் கதை வேறு. புகையிலைத் தொழிலை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தன் இரண்டாவது பிரிவிலேயே அறிவித்துவிட்டது. அதனால் டில்லியில் ஒரு கையெழுத்து விழுந்ததும் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சிகரெட் விளம்பரப் பலகைகள் இறங்கின. புகையிலைக்கு எதிராகப் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றும் இருந்தது. 2004-இல் இந்தியா அதை ஏற்றது. மதுவுக்கு அப்படி ஓர் உடன்படிக்கை உலகில் இன்றுவரை இல்லை. 2010-இல் உலக சுகாதார நிறுவனம் தந்தது யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் உத்தி மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டப்படி பார்த்தால் மதுவைக் கட்டுப்படுத்துவதுதான் எளிது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47-ஆவது கூறு சொல்கிறது. சிகரெட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. மது வணிகம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கடிவாளம் கையில் இருக்கிறது. பிடித்து இழுக்கத்தான் ஆளில்லை.

மதுவுக்கு விளம்பரத் தடையே இல்லை என்று சொல்லவரவில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் சிகரெட்டையும் மதுவையும் ஒரே வரியில் வைத்துத் தடுக்கின்றன. நேரடியாகவோ மறைமுகமாகவோ கூடாது என்கின்றன. ஆனால் 2009-இல் அதே விதிக்கு ஒரு பின்குறிப்பு சேர்ந்தது. மதுவின் பெயரைத் தாங்கிய வேறு பொருளை, மதுவைக் காட்டாமல், தணிக்கைச் சான்று பெற்று விளம்பரம் செய்யலாம் என்பது அதன் சாரம். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த பின்குறிப்பு அது. 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பதிலி விளம்பரங்களைத் தடை செய்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. விதிமீறலுக்கு 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம். அப்படியும் 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஐபிஎல் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது: மைதானத்திலும் ஒளிபரப்பிலும் புகையிலை, மது விளம்பரங்கள் வேண்டாம், மறைமுக விளம்பரங்களும் வேண்டாம் என்று. தடை நடைமுறையில் இருந்திருந்தால் கடிதத்துக்கு என்ன வேலை?

கிரிக்கெட்டிலேயே இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பார்த்துவிடலாம். 1996 உலகக் கோப்பையின் பெயரே ஒரு சிகரெட்டின் பெயர். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய கால் இறுதி நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. அன்று காலரியில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சச்சினின் பெயரைப் போலவே அந்தச் சிகரெட்டின் பெயரும் மனப்பாடம். சட்டம் வரப்போவது தெரிந்து 2001-இல் அந்த நிறுவனம் தானாகவே விளையாட்டுப் புரவலர் பணியிலிருந்து விலகியது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பையின் பெயரைச் சொன்னால் விளங்காது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது ஒரு விஸ்கியின் பெயரைத் தழுவியே ஓர் அணிக்குப் பெயர் வைத்தார் அதன் உரிமையாளர் விஜய் மல்லையா. அவர் நாட்டைவிட்டே போய்விட்டார். அணியின் பெயர் போகவில்லை. மயிலாப்பூர் மாடவீதிச் சிறுவன் அந்தப் பெயரை டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிறான்.

தமிழ்நாட்டு அரசு நினைத்தால் எவ்வளவு விரைவாக இயங்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2018 ஜூனில் 'சர்கார்' படத்தின் முதல் சுவரொட்டியில் விஜய் சிகரெட் பற்றவைத்தபடி இருந்தார். பாமக எதிர்ப்புத் தெரிவித்தது. பொது சுகாதாரத் துறை நடிகருக்கும் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. சில வாரங்களுக்குள் அவர்களின் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்து அந்தப் படம் காணாமல் போயிற்று. அவர் கையில் சிகரெட்டுக்குப் பதில் கோப்பை இருந்திருந்தால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சுட்டி நோட்டீஸ் அனுப்பியிருப்பார்கள்?

புகையிலைச் சட்டமும் அப்படியே முன்மாதிரியாகக் கொள்ளும் அளவுக்குக் குறையற்றதல்ல. தி.நகரில் ஏதாவது ஒரு பெட்டிக்கடை முன்னால் நின்று பாருங்கள். கடையில் வைக்கும் பலகை 60-க்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதில் பிராண்டின் பெயர் கூடாது, விளக்கு கூடாது என்பது விதி. பலகை விதிப்படி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் கடைக்காரரின் தலைக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகளை நிறம் பார்த்து அடுக்கிய கண்ணாடி அலமாரி பளிச்சென்று மின்னும். அதற்குக் கீழேயே மிட்டாய்ப் புட்டிகள். பெட்டியின் 85 சதவீதத்தை அடைத்துக்கொள்ளும் எச்சரிக்கைப் படம் யாரைப் பயமுறுத்த வேண்டுமோ அவர் பெட்டியை வாங்குவதே இல்லை. ஒற்றைச் சிகரெட்டாக வாங்கி, கடையில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறார். விளம்பரத் தடையை முதன்முறை மீறினால் சட்டம் சொல்லும் அபராதம் 1,000 ரூபாய். பாண்டி பஜாரில் ஒரு சட்டைக்கும் இது போதாது. புகையிலைக்குப் பதிலியாக ஏலக்காய் விற்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் இந்தி நட்சத்திரங்களைப் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் இடம் காணாது.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் அந்தச் சட்டம் ஒரு காரியத்தைச் சாதித்திருக்கிறது. சிகரெட்டை வீரத்தோடும் வெற்றியோடும் நட்போடும் முடிச்சுப் போட்ட பெரும் விளம்பரத் தொழில் இல்லாமல் போயிற்று. மதுவின் அதே தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி நாடு முழுவதும் ஆண்களில் மது அருந்துவோரைவிடப் புகையிலை பயன்படுத்துவோர் ஏறத்தாழ இருமடங்கு. தமிழ்நாட்டில் கணக்கு தலைகீழ். இங்கே ஐந்தில் ஓர் ஆண் புகையிலை பயன்படுத்துகிறார். நான்கில் ஒருவர் குடிக்கிறார். எந்தப் பொருளின் விளம்பரத்தைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

'டாஸ்மாக் எந்த விளம்பரமும் செய்வதில்லையே, வாசலில் கடை எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை, இருந்தும் 2024-25-இல் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்ததே, விளம்பரத்தை நிறுத்தி என்ன ஆகப்போகிறது?' என்று ஒரு வாதம் உண்டு. வரிசையில் நிற்பவருக்கு விளம்பரம் தேவையில்லை என்பது உண்மைதான். இன்னும் வரிசைக்கு வராத பதினான்கு வயதுப் பையனுக்காகத்தான் விளம்பரம். விற்பவன் அரசாங்கம் என்றால் அந்தப் பையனை அண்டவிடாமல் தடுக்கும் பொறுப்பு கூடுகிறது, குறையவில்லை.

'சிகரெட் புகை அடுத்தவரின் மூக்கில் ஏறுகிறது, மது குடிப்பவரின் வயிற்றோடு போகிறது' என்பது இன்னொரு வாதம். இதை டி.டி.கே. மருத்துவமனையின் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் சொல்லிப் பார்க்கலாம். நெடுஞ்சாலைக் காவலரிடமும் சொல்லிப் பார்க்கலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில்தான் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளையொட்டிய மதுக்கடைகளை அகற்றச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் மது கிடைக்கும் என்று அறிவிக்கும் பலகைகளும் விளம்பரங்களும் உடனே அகற்றப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கடைகள் பற்றிய பகுதி ஊரெல்லாம் பேசப்பட்டது. பின்னர் தளர்த்தவும் பட்டது. விளம்பரம் பற்றிய பகுதியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாட்டின் நோய் இதுதான் என்று கருதுகிறோம். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த நாளிலிருந்து இங்கே மது பற்றிய பேச்சு இரண்டே சொற்களில் அடங்கிவிடுகிறது: மதுவிலக்கு, வருவாய். தேர்தல் வந்தால் 'படிப்படியாக' என்ற சொல் வெளியே வரும். 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். மூடியதைவிடப் பக்கத்துக் கடையில் கூட்டம் கூடியதுதான் மக்களுக்கு நினைவிருக்கிறது. கடையைப் பூட்டினால் கள்ளச்சாராயம் வரும் என்ற அச்சம் பொய்யில்லை. மரக்காணம், கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகள் கடை திறந்திருந்தபோதே நடந்தவை. ஆனால் விளம்பரத் தடை என்பது மதுவிலக்கு அல்ல. அதனால் யாரும் கள்ளச்சாராயத்துக்குப் போகமாட்டார்கள். கருவூலத்துக்கு நாளைக்கே துண்டு விழாது. முழு மதுவிலக்கு கேட்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரிகிறது. வருவாயைக் காப்பவர்களுக்கு இது தொல்லையின் தொடக்கமாகத் தெரிகிறது. இரு தரப்புக்கும் நடுவில் செய்யக்கூடிய காரியம் செய்யப்படாமல் கிடக்கிறது.

கடல் தாண்டிப் பார்த்தால் இலங்கை 2006-இலேயே இதைச் செய்துவிட்டது. புகையிலைக்கும் மதுவுக்கும் சேர்த்து ஒரே தேசிய அதிகார சபை, ஒரே சட்டம். இரண்டின் விளம்பரமும் அதில் குற்றம், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இரண்டையும் விற்பதும் குற்றம். அங்கே குடி ஒழிந்துவிடவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் காலிப் பையனுக்கும் அந்த நாட்டுச் சட்டம் இரு கைகளைப் பற்றியும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறது. பிரான்ஸ்கூட, திராட்சை மதுவைத் தன் பண்பாடு என்று சொல்லிக்கொள்ளும் நாடு, 1991-இல் ஒரே சட்டத்தில் புகையிலை விளம்பரத்தை நிறுத்தி மது விளம்பரத்தையும் இறுக்கியது.

நாடாளுமன்றம் மதுவுக்குச் சட்டம் இயற்ற வேண்டுமானால் மாநிலங்கள் தீர்மானம் போட்டு அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். மாநில உரிமையை மூச்சுக்கு மூச்சு பேசும் தமிழ்நாட்டுக் கட்சிகள் அதற்கு இணங்கமாட்டா. இணங்க வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. அதிகாரம் கையில் இருப்பதால்தான் பொறுப்பும் இங்கே இருக்கிறது என்கிறோம். சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றட்டும். மதுவின் பெயரையோ சின்னத்தையோ தாங்கிய எந்தப் பொருளின் விளம்பரமும் தெருப்பலகையில், மைதானத்தில், அணியின் சட்டையில், அடையாற்று நட்சத்திர விடுதி மதுக்கூடத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கூடாது என்று அது தெளிவாகச் சொல்லட்டும். அபராதத்தை 1,000 ரூபாய் என்று எழுதிக் கேலிக்கூத்தாக்காமல், நிறுவனத்தின் விற்றுமுதலோடு இணைக்கட்டும்.

சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. மொத்த விற்பனை 1983 முதலும் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதலும் டாஸ்மாக்கின் கையில். ஒரு மது நிறுவனம் தமிழ்நாட்டில் சரக்கு விற்க வேண்டுமானால் டாஸ்மாக் வாங்கினால்தான் உண்டு. இந்தியாவில் எந்தத் தனியார் வணிகருக்கும் இல்லாத பிடி இது. எந்தப் பெயரில் சோடாவோ குடிநீரோ இசைத்தட்டோ தமிழ்நாட்டுத் திரைகளிலும் மைதானங்களிலும் விளம்பரமாகிறதோ, அந்தப் பெயர் கொண்ட மதுவுக்கு அடுத்த ஆறு மாதம் கொள்முதல் ஆணை கிடையாது என்று ஒரு நிபந்தனையை டாஸ்மாக் தன் கொள்முதல் ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். அடுத்த ஐபிஎல் பருவத்துக்கு முன்பே இதைச் செய்ய நேரம் இருக்கிறது.