தண்ணீர்ப் பேச்சும் இருபது நிமிடமும்



"மலேசியப் பிள்ளை சிங்கப்பூருக்காக வாதாடலாமா, டீச்சர்?" என்று ஒரு தந்தை வருத்தத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களை இரு நாட்டுக் குழுக்களாகப் பிரித்திருந்தேன். பேச்சுவார்த்தைக்கு உரியது 1962ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தம். அதன்படி சிங்கப்பூர், ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு விலை 3 சென். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர், ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு வாங்குகிறது. ஒப்பந்தம் 2061இல் முடியும்.

"விலையை ஏற்றுங்கள்!" என்று மலேசியக் குழு முழங்கியது. பத்தாம் நிமிடத்தில் குழுக்களை இடம் மாற்றினேன். வகுப்பு அமைதியானது. முழங்கிய மாணவியே, "அவர்கள் 50 சென்னை ஏற்றினால் ஜொகூர் என்ன செய்யும்?" என்று வினவினாள்.

அவ்வினாவே பாடம். எதிர்த்தரப்பின் கணக்கை அறியாதவர் தம் நாட்டுக்காகவும் நன்றாக வாதாட இயலாது. மனனம் இதைக் கற்பிக்காது.

ஆசிரியர்களே, வெற்றி தோல்வி அறிவிக்க வேண்டா. இடமாற்றத்தை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். பெற்றோர்களே, அஞ்சாதீர்கள். பிள்ளை நாட்டை மறக்கவில்லை, சிந்திக்கத் தொடங்கியிருக்கிறது.