கூட்டம் வேண்டுமா? கதவைத் திறவுங்கள்!



கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயத்தைக் கண்டவர்கள் நம்முள் சிலரேனும் இருப்பீர்கள். இரண்டு காளைகள், ஒரு சிறு வண்டி, ஓர் ஓட்டி. 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் நேர்ப்பாதை. காளைகள் பாய்கின்றன, கடிகாரம் ஓடுகிறது, கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்காக விடியற்காலையிலேயே வந்து நிற்கும் மக்கள் எத்தனை பேர்! கிழவர் வருகிறார், தோளில் குழந்தையோடு தந்தை வருகிறார். விளம்பரம் கண்டா வந்தார்கள்? இல்லை. அந்தக் காளை யாருடையது, எந்த ஊரினது, சென்ற முறை எத்தனை நொடியில் ஓடியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததனால் வந்தார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து, படிப்பின் பொருட்டு இவ் வடபுலத்து நகருக்கு வந்து சேர்ந்தவன் நான். அண்மையில் ஒரு ஞாயிறன்று, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, 'டிராக் ரேஸ்' ஒன்றைக் காணச் சென்றேன். எந்திரங்களின் ரேக்ளா என்று அதனைக் கூறினால் தவறாகாது. இரு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் 402 மீட்டர், அதாவது கால் மைல், நேரே பாயும். ஒரு மோட்டார் சைக்கிள் அதனை 12 நொடியில் கடந்தால், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டும் அதன் சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் ஆகிறது. இயற்பியல் பயிலும் என் உள்ளத்தை இது கவர்ந்ததில் வியப்பென்ன?

ஆனால் பார்வையாளர் எங்கே? ஓட்ட வந்தவர்களும் அவர்தம் தோழர்களுமே இருந்தனர். நிழல் இல்லை; குடிநீருக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டும். ஒலிபெருக்கி வெறும் எண்களையே முழங்கிற்று. என் பக்கத்தில் ஒரு சிறுவன், "அப்பா, தோற்ற வண்டிக்குத்தானே குறைந்த நேரம் காட்டுகிறது?" என்று இந்தியில் கேட்டான். அறிவாளிச் சிறுவன்! வண்டி நகர்ந்த கணத்திலிருந்துதான் அதன் நேரக் கணக்கு தொடங்குகிறது. பச்சை விளக்கைக் கண்டும் காலந்தாழ்த்திப் புறப்பட்டவன், குறைந்த நேரத்தில் ஓடியும் தோற்கலாம். பந்தயத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதனை எடுத்துச் சொல்வார் இல்லை. நான் வாய் திறக்குமுன் தந்தையும் மகனும் எழுந்து போய்விட்டனர். ஒரு ரசிகன் பிறக்குமுன்னரே போய்விட்டான்!

போனால் போகட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? என் கதையைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஓர் இரவு, என் விடுதி நண்பன் ஒருவன் புறவழிச் சாலையில் இன்னொருவனோடு பந்தயம் ஓட்டினான். கைப்பேசியில் நேரம் குறித்தவன் நானே. எதிரே விளக்கில்லாமல் ஒரு டிராக்டர் வந்தது. நண்பன் உயிர் பிழைத்தான். அவன் காலில் இன்று இரும்புக் கம்பி இருக்கிறது. அந்தக் கைப்பேசியை நான் ஏந்தியிராவிட்டால் அவன் அவ்வளவு விரைந்திருப்பானா? இக்கேள்வி என்னை விட்டபாடில்லை.

வேகத்தின்மீது இளைஞர் கொண்ட வேட்கையை அறிவுரையால் அணைக்க முடியாது. அதற்கு ஓர் இடம் தரத்தான் முடியும். அமெரிக்காவில் 1950-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத் தளத்தில் முறையான பந்தயம் தொடங்கிற்று. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர், தெருவில் ஓட்டிய இளைஞரைத் தளத்திற்குக் கொணரவே ஒரு தேசியச் சங்கம் கண்டார். நம் சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமானத் தளமாகிய சோழவரத்தில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்தில் மக்கள் திரள்திரளாகச் சென்றதை நம் பெரியவர்கள் இன்றும் பேசுகின்றனர். கூட்டம் சேராத விளையாட்டு நிலைக்காது. தளம் மூடப்பட்டால் மீண்டும் தெருதான்.

கூட்டம் சேர என்ன செய்யலாம்? முதலாவது, விளக்குங்கள். விளக்கு, நேரம், தவறான புறப்பாடு இவற்றை ஒரே தாளில், மக்கள் மொழியில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். இரண்டாவது, வண்டி பழுது பார்க்கும் இடத்திற்குப் பார்வையாளரை விடுங்கள். அந்த அமெரிக்கச் சங்கத்தின் பந்தயங்களில் நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் அங்கே போகலாம். எந்திரத்தைப் பிரித்து வைத்திருக்கும் இளைஞனோடு ஐந்து நிமிடம் பேசியவன், அடுத்த ஓட்டத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவான்!

மூன்றாவது, எளியவனையும் ஓட விடுங்கள். தன் வண்டி எத்தனை நொடியில் கடக்கும் என்பதை ஒவ்வொருவரும் முன்னரே அறிவிக்கும் முறை ஒன்று உண்டு. 20 நொடி வண்டிக்கு, 12 நொடி வண்டியைவிட 8 நொடி முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். சொன்னதைவிட விரைந்து ஓடினால் தோல்வி. கல்லூரிக்கு வரும் சாதாரண வண்டியும் பல இலட்ச ரூபாய் வண்டியை வெல்லலாம். பணம் வெல்வதில்லை, கணக்கு வெல்கிறது! நான்காவது, நிழலும் நீரும், பெண்கள் அச்சமின்றி அமரும் இடமும் வேண்டும்.

பந்தயத்தைக் கண்டவன் திரும்பும் வழியில் சாலையிலேயே ஓட்டிப் பார்ப்பானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம். ஆனால் தலைக்கவசமும் வண்டிச் சோதனையும் ஆம்புலன்சும் இல்லாமல் ஓட விடுவதில்லை என்பதையும் அவன் அங்கேதான் காண்கிறான். விதிகளையும் அவன் கண்முன் காட்டுவது நடத்துவோர் கடமை.

நம் மன்றத்திற்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நன்று. அடுத்த பந்தயத்திற்கு ஒரு பேருந்து அமர்த்துவோம். விதிகளைத் தமிழில் எழுதித் தரும் பணியை நான் ஏற்கிறேன். என் நண்பனும் ஊன்றுகோலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இம்முறை நேரம் குறிக்கப் போகிறவன் நான் அல்லன். தளத்துக் கடிகாரம் குறிக்கட்டும்!