பிரம்பும் பிரஜையும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் ராஜபாட்டையில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்தை நோக்கிச் செல்கிறவர்கள் வழியில் கூட்டேரிப்பட்டைக் காண்பார்கள். மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் பாட்டையை விட்டுத் திரும்பும் இடம் அது. காலை வேளையில் அங்கே சிறிது நேரம் நின்றால், சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள் தோளில் புஸ்தகப் பையுடன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். நெல்லும் கடலையும் கரும்பும் பயிரிட்டும், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தும் ஜீவிக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர். தங்கள் வம்சத்தில் முதன் முதலாக ஹைஸ்கூல் வாயிலை மிதிப்பவர்களும் அவர்களில் உண்டு.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது இப்படிப்பட்ட பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வரும் தகப்பனார் உபாத்தியாயரிடம் சொல்லும் வாசகம் ஒன்று தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் தோலை உரித்துவிடுங்கள், சார்" என்பதே அது. சொல்லுகிறவர் கொடியவரல்லர். தாம் எழுத்தறியாமல் பட்ட பாட்டைத் தம் பிள்ளை படக்கூடாது என்ற கவலையே அவரை இப்படிப் பேசச் செய்கிறது. தம்மிடம் உள்ளவற்றிலெல்லாம் அருமையான பொருளை உபாத்தியாயரிடம் ஒப்படைக்கும்போது, அத்துடன் அதை அடிக்கும் அதிகாரத்தையும் சேர்த்து ஒப்படைப்பதே மரியாதை என்று அவர் கருதுகிறார். உபாத்தியாயரும் அதைக் கேட்டுப் புன்னகை செய்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை என்ன நினைக்கிறது என்று இருவரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிரம்பின் வேர் பள்ளிக்கூடத்திற்குள் இல்லை, இந்த வாசகத்தில்தான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இந்த வாசகம் வெறும் பேச்சு என்று எண்ண வேண்டாம். வெகு காலம் அதுவே சட்டமாகவும் இருந்தது. 1860-ல் பிரிட்டிஷார் இயற்றிய இந்தியன் பீனல் கோடின் 89-வது பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்துடன், பாதுகாவலரின் சம்மதத்தின் பேரில் செய்யும் காரியத்தைக் குற்றமாகக் கருதுவதில்லை என்று கூறிற்று. அந்தச் சம்மதம் வாய் திறந்து சொன்னதாக இருக்கலாம். சொல்லாமலே கொடுத்ததாகக் கொள்ளத்தக்கதாகவும் இருக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததே சம்மதம் என்று வாதிக்க உபாத்தியாயரின் வக்கீலுக்கு இதில் தாராளமாக இடமிருந்தது. 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அந்தப் பழைய கோடு போய்ப் பாரதிய நியாய சன்ஹிதை அமலுக்கு வந்தது. பெயர் மாறிற்று, இந்த விதிவிலக்கு மட்டும் புதிய புஸ்தகத்திலும் பத்திரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே தேச பக்தர்கள் நினைவுகூர வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. குற்றவாளிகளைக் கசையால் அடிப்பதற்கென்றே பிரிட்டிஷ் சர்க்கார் 1864-ல் ஒரு சட்டம் செய்தது. 1909-ல் அதைப் புதுப்பித்தது. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டதற்காகக் காசியில் கைதியான சந்திரசேகர ஆஸாத் என்ற சிறுவனுக்கு மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனை கசையடி. அவனுக்கு அப்போது வயது பதினைந்து. அந்தச் செய்தியைக் கேட்டு நம் முன்னோர்கள் கொதித்தார்கள். அந்நியன் நம் பிள்ளையின் முதுகைத் தொடுவதா என்று கேட்டார்கள். சுதந்திரம் வந்தபின், 1955-ல், கோர்ட்டார் கசையடி விதிக்கும் அதிகாரத்தை நமது பார்லிமெண்ட் தனிச்சட்டம் இயற்றி ஒழித்தது. மெச்சத் தகுந்த காரியம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிரம்பை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51-வது விதியைத் திருத்தி, திருத்துவதற்காக என்று சொல்லி உடலுக்கோ மனதுக்கோ வேதனை உண்டாக்கக் கூடாதென்று தடுத்தது 2003-ம் வருஷம் ஜூன் மாதத்தில். அகில இந்தியாவுக்கும் பொதுவான கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் நிறைவேறி, அதன் 17-வது பிரிவு அமலுக்கு வந்தது 2010-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி. ஆக, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், திருடனுடைய முதுகுக்கு இந்நாட்டில் இருந்த பாதுகாப்பு, கணக்கில் பிழை செய்த பாலனுடைய உள்ளங்கைக்கு இல்லாமலிருந்தது.

பழியை அந்நியன் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பீனல் கோடு வருவதற்கு முன்பே நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்பு இருந்தது, குட்டு இருந்தது, கயிற்றைப் பிடித்துத் தொங்கச் செய்து அடிக்கும் கோதண்டம் இருந்தது. ஆத்திசூடியைப் பாராமல் ஒப்பிக்கச் செய்த அதே திண்ணையில்தான் இவையும் நடந்தன. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை இன்றைக்கும் பெரிய மனிதர்கள் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். மாட்டை ஏருக்குப் பழக்குகிறவனுக்கு மாடு கேள்வி கேட்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதோ கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதற்காக. அடிக்குப் பயந்து வாய் மூடக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவின் முன்னும் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையாவின் முன்னும் அப்படியே வாய் மூடித்தான் நிற்கும். அப்படிப்பட்ட பிரஜைகளை வளர்ப்பதற்காகவா நமது தலைவர்கள் சிறை புகுந்தார்கள்?

நமக்குப் பீனல் கோடைத் தந்த இங்கிலாந்தே தன் சர்க்கார் பள்ளிகளில் பிரம்பை 1986-ல் கைவிடத் தீர்மானித்தது. அதுவும் காமன்ஸ் சபையில் ஒரே ஓட்டு அதிகத்தால்! அடுத்த வருஷம் அந்தத் தடை அமலுக்கு வந்தது. போலந்து தேசமோ 1783-லேயே இதைச் செய்துவிட்டது.

சட்டம் இருக்கிறதே, இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குறை இரண்டைச் சொல்லுகிறோம். 2009-ம் வருஷத்துச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பதினைந்து வயதில் பத்தாம் வகுப்புப் பரீக்ஷைக்குத் தயாராகும் பிள்ளை அதன் நிழலில் இல்லை, மாநில விதியின் நிழலில்தான் ஒதுங்க வேண்டும். மேலும், அச்சட்டத்தை மீறிய உபாத்தியாயருக்கு அது காட்டும் தண்டனை இலாகா நடவடிக்கை மாத்திரமே. இலாகா நடவடிக்கை எப்படி நடக்கும், எங்கே போய் முடியும் என்பதை வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. இச்சட்டத்திற்கு முன், 2007-ல், மத்திய சர்க்கார் 13 ராஜ்யங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், பள்ளிக்குப் போகும் குழந்தைகளில் மூவரில் இருவர் அடிபட்டதாகச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் நீதிபதி எஸ். எம். சுப்பிரமணியம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக் கமிஷன் வகுத்த நெறிமுறைகளை ஒவ்வொரு பள்ளியிலும் அமல் செய்யும்படி தமிழ்நாடு சர்க்காருக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் பிறந்து பதினான்கு வருஷங்களுக்குப் பின்னும் கோர்ட்டார் இப்படி நினைவூட்ட நேர்ந்ததே நமது நிலைமைக்குச் சாட்சி.

உபாத்தியாயர்களின் கட்சியை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர்கள் சொல்லுவதில் நியாயம் உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அந்த ரத்தத்தை எந்த உபாத்தியாயரும் மறக்க முடியாது. 2025 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் நீதிபதி ஒருவர், பூர்வாங்க விசாரணை இல்லாமல் உபாத்தியாயர்களைக் கைது செய்யலாகாது என்றும், உபயோகிக்காவிட்டாலும் அவர்கள் கையில் பிரம்பு இருக்கட்டும் என்றும் கூறினார். விசாரணை வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பொய்ப் புகாரால் ஒருவர் ஜீவனம் கெடலாகாது. ஆனால் உபயோகிக்காத பிரம்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக நாம் நம்பவில்லை. மேஜையின் மேல் கிடக்கும்போதே அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சென்னையில் நடந்த கொலையும் பிரம்பு இல்லாததால் நேர்ந்ததன்று. அந்தப் பிள்ளையின் மனதில் என்ன பொங்கிக்கொண்டிருக்கிறது என்று விசாரித்தறிய ஓர் ஆள் பள்ளியில் இல்லாமற்போனதே அதற்குக் காரணம் என்பது நமது எண்ணம். அந்த ஆளைக் கேளுங்கள் என்றுதான் உபாத்தியாயர் சங்கங்களுக்குச் சொல்லுகிறோம்.

இந்த இடத்தில் காந்தியடிகளின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த காலம். அங்கே முரடனும் பொய்யனும் சண்டைக்காரனுமான ஒரு பையன். வயது பதினேழு இருக்கும், நல்ல பலசாலி. ஒரு நாள் எல்லை மீறிப்போகவே, காந்தியடிகள் கையில் கிடைத்த ரூலரால் அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கிற்று. பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். நினைத்திருந்தால் அவன் திருப்பி அடித்திருக்கலாம். பையன் திருந்தினான் அல்லவா என்று நாம் கேட்போம். காந்தியடிகளோ அந்த அடிக்காகப் பல வருஷங்கள் வருந்தினார். தம்முள் இருந்த மிருகத்தையே அன்று அவனுக்குக் காட்டியதாகத் தமது சுயசரிதத்தில் ஒப்புக்கொண்டார். பிற்பாடும் பிள்ளைகள் தவறு செய்தார்கள். அவர் மறுபடி கை ஓங்கவில்லை. பிரம்பை எடுக்கும் நமது உபாத்தியாயர்களில் எத்தனை பேருக்குக் கை நடுங்குகிறது? மேலே இருக்கும் அதிகாரி பரீக்ஷை ரிஸல்ட்டுக்காகத் தலைமை ஆசிரியரை உலுக்குகிறார். அவர் உபாத்தியாயரை உலுக்குகிறார். உபாத்தியாயருக்கு உலுக்கக் கிடைப்பது கடைசிப் பெஞ்சுப் பிள்ளை ஒன்றுதான். ஜில்லாவின் தேர்ச்சி விகிதத்தை வெளியிட்டுப் பெருமை பேசுகிறவர்களுக்கு இந்தச் சங்கிலியில் தங்கள் பங்கு தெரிய வேண்டும்.

அடிபடுகிற பிள்ளை யார் என்பதையும் பார்க்க வேண்டும். நாளைக்கே வக்கீலுடன் வந்து கேட்கக்கூடிய தகப்பனாரின் பிள்ளை மீது எந்தக் கையும் எளிதில் விழுவதில்லை. கேட்க நாதியற்ற ஏழையின் பிள்ளை மீதே விழுகிறது. அதிலும் சாதி புகுந்துவிட்டால் பிரம்புகூட வேண்டியதில்லை. 2022 இறுதியில் ஈரோடு ஜில்லாவில் ஆதிதிராவிடப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவச் செய்ததாக எழுந்த புகாரில் ஒரு தலைமை ஆசிரியை கைதானார். உடம்பில் தழும்பு விழாத தண்டனை என்று இதை யாராவது சொல்லுவார்களானால், தழும்பு எங்கே விழும் என்பது அவர்களுக்குத் தெரியாது என்றே கொள்ள வேண்டும். 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்பத்தையும் சேர்த்தே விலக்கியிருப்பது இதனால்தான்.

ஆகவே மறுபடியும் கூட்டேரிப்பட்டுக்கே வருகிறோம். அந்தத் தகப்பனாரின் வாசகத்தை மாற்றச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2009-ம் வருஷத்துச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். அங்கத்தினர்களில் பாதிப் பேர் ஸ்திரீகள். பல ஊர்களில் இக்குழு கையெழுத்துப் போடுவதற்காக மாத்திரம் கூடுகிறது. நமது ஊழியர்கள் தங்கள் ஊர்க் குழுவுக்குப் போகட்டும். 17-வது பிரிவைத் தமிழில் உரக்கப் படிக்கச் சொல்லட்டும். "என் பிள்ளையை அடிக்க நான் சம்மதிக்கவில்லை" என்று ஒவ்வொரு பெற்றோரும் அங்கே வாய்விட்டுச் சொல்லி நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதியச் செய்யட்டும். தாய்மார்கள் முதலில் சொல்லுவார்கள் என்பது நமது நம்பிக்கை. அத்துடன், முப்பது பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் என்று ஆரம்பப் பள்ளிகளுக்குச் சட்டம் விதித்த கணக்கு தங்கள் பள்ளியில் நடக்கிறதா என்றும் அதே கூட்டத்தில் கேட்கட்டும். ஐந்து வகுப்புகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. 1098, 14417 என்னும் டெலிபோன் எண்களைப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், தலைமை ஆசிரியர் அறையில் அல்லாமல் வெளிச்சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. ஹைகோர்ட் உத்தரவின்படி திண்டிவனம், விழுப்புரம் பகுதிப் பள்ளிகளில் கண்காணிப்புக் குழுக்கள் அமைந்துவிட்டனவா, அவை எத்தனை முறை கூடின, எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனை முடிவுற்றன என்ற விவரங்களைப் பள்ளிவாரியாக ஜில்லாக் கல்வி அதிகாரிகள் வெளியிட வேண்டும். ஒரு புகாரும் வரவில்லை என்று எழுதும் பள்ளிக்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.